சிறிய மெக்கானிக்கல் கீபோட்டை நாமே கட்டுவது: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதுவரை ஒன்பது கீபோட் கட்டியாயிற்று. நான்கு எனக்கு. மிச்சம் எல்லாம் "அண்ணா, ஒருக்கா பக்கத்தில இருந்து சொல்லித் தாங்கோ" என்று பெட்டியோடு வந்தவர்களுடையவை. கை நடுங்கிக் கெட்டுப்போனதை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. கெட்டுப்போனவை எல்லாம் வரிசை மாறியதால் கெட்டவை. விசையின் மேல்மூடியான கீகப்பை முதலில் வாங்கிவிடுவார்கள், மின்சுற்றுப் பலகையைச் சோதிக்காமல் ஒவ்வொரு விசைக்கும் அடியில் நிற்கும் சுவிட்சைக் குத்திவிடுவார்கள், அகலமான விசைகளைச் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசரை மறந்துவிட்டு எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். ஆகவே கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

ஈயம் வைக்காமல் சுவிட்சைக் குத்திக் கழற்றக்கூடிய ஹொட்ஸ்வொப் வகையை வைத்தே எழுதுகிறேன். முதல் கீபோட்டுக்கு அதுதான் சரி. ஈயம் வைக்கும் வகைக்கு மாறுபடும் இடத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

1. வாங்குவதற்கு முன் ஒரு வாரம்: எந்த விசை உங்களுக்கு வேண்டும்?

கணினியோடு வரும் முழுக் கீபோட்டில் 104 விசைகள். 75 சதவீதம் என்று விற்பதில் 80-க்கு மேல் இருக்கும். எண் தட்டும் இன்னும் ஓரிரு விசைகளும் போய்விடும். 65 சதவீதத்தில் 67 அல்லது 68. மேலே எப்1, எப்2 என்று போகும் எப் வரிசையும் போய்விடும், அம்புக்குறிகள் மிஞ்சும். 60 சதவீதத்தில் 61, அம்புக்குறியும் இல்லை. 40 சதவீதத்தில் எண் வரிசையே கிடையாது. இல்லாமல் போன விசைகள் எல்லாம் எப்என் விசையை அழுத்திக்கொண்டு தட்டும் இன்னொரு அடுக்கில், அதாவது லேயரில், ஒளிந்திருக்கும்.

ஆங்கிலம் மட்டும் தட்டுபவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. தமிழ் தட்டுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

பாமினி தட்டச்சு முறையில் ஹ, ஷ இரண்டும் இருப்பது எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள டில்டா விசையில். 60, 65 சதவீதக் கீபோட்டுகளில் பெரும்பாலும் அந்த இடத்தில் எஸ்கேப் விசைதான் இருக்கும். அச்சகத்தில் கலியாணக் காட் அடிக்கும் ஒரு அண்ணாவுக்கு 61 விசைக் கீபோட் ஒன்று கட்டிக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையிலேயே போன். "தம்பி, மாப்பிள்ளை பேர் ரமேஷ். ஷ வருகுதில்லை, தட்டுற பெட்டி மூடுப்படுது." விரல் பழக்கத்தில் போய் எஸ்கேப்பைத் தட்டியிருக்கிறார். தவறு என்னுடையதுதான், அவர் எந்த முறையில் தட்டுகிறார் என்று நான் கேட்கவே இல்லை.

தமிழ்99 தட்டுபவருக்குச் சிக்கல் வேறு இடத்தில். சதுர அடைப்பு விசைகளில் முதலாவதில் ச, அடுத்ததில் ஞ. 60 சதவீதத்திலும் இவை இருக்கும், பயமில்லை. 40 சதவீதத்தில் பெரும்பாலும் இருக்காது. ச இல்லாமல் ஒரு பந்தி எழுதிப் பாருங்கள், புரியும்.

ரெங்கநாதன் தட்டச்சு முறைக்காரர்களும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். சோதனை சுலபம்: வாங்கப்போகும் கீபோட்டில் எந்த விசைகள் இல்லையோ, இப்போது பாவிக்கும் கீபோட்டில் அந்த விசைகள்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஒரு வாரம் வேலை செய்யுங்கள். டேப்பை உரிக்க வேண்டும் என்று எத்தனை தடவை தோன்றியது என்று எண்ணுங்கள். எக்செல்லோடு வாழும் கணக்காளர்கள் இரண்டாம் நாளே உரித்துவிடுகிறார்கள்; அவர்களுக்கு 75 சதவீதமும் ஒரு தனி எண் தட்டும்.

எது என்று முடிவெடுக்க முடியவில்லையா? 65 சதவீதம் வாங்குங்கள். வலப்பக்க ஓரத்தில் நான்கைந்து விசைகள் நிற்கும். அதில் மேலே உள்ளதை டில்டாவாக மாற்றிக்கொண்டால் ஹ, ஷ பிரச்சினை தீர்ந்தது. அச்சக அண்ணாவின் இரண்டாவது கீபோட் அப்படித்தான் இருக்கிறது.

2. வாங்கும் வரிசை: பலகை முதலில், கீகப் கடைசியில்

ஒவ்வொரு பொருளும் அதற்கு முன் வாங்கியதைப் பொறுத்தது. பலகை எதுவோ அதற்கேற்ற கேஸும் (வெளிப்பெட்டி), சுவிட்சுகளைப் பிடித்திருக்கும் பிளேட்டும். பலகையின் துளைகளுக்கேற்ற ஸ்டெபிலைசர். பிறகு சுவிட்ச். எல்லா அளவும் தெரிந்த பின்னரே கீகப்.

வடிவத்தைப் பார்த்து மயங்கிக் கீகப்பை முதலில் வாங்குபவர்கள் மாட்டுவது வலது ஷிப்ட்டில். ஒரு சாதாரண எழுத்து விசையின் அகலத்தை 1 யூனிட் என்பார்கள்; விசைக்கு விசை 19.05 மில்லிமீட்டர் இடைவெளி. முழுக் கீபோட்டின் வலது ஷிப்ட் 2.75 யூனிட். 65 சதவீதத்தில் அது 1.75. கீகப் பெட்டியில் அந்த 1.75 இல்லையென்றால் அந்த இடம் ஓட்டைப் பல்லாகவே நிற்கும். ஸ்பேஸ்பார் பெரும்பாலும் 6.25, சில பலகைகளில் 7. வாங்கும் முன் இரண்டு எண்களையும் ஒத்துப்பாருங்கள்.

சுவிட்சில் பார்க்க வேண்டியது கால்கள். 5 கால் சுவிட்சில் நடுக் கம்பத்தின் இருபுறமும் இரண்டு பிளாஸ்டிக் கால்கள் கூடுதலாக இருக்கும். 5 துளைப் பலகையில் இரண்டு வகையும் போகும். 3 துளைப் பலகையில் 5 கால் சுவிட்ச் போகாது. அந்தப் பிளாஸ்டிக் கால் இரண்டையும் நகவெட்டியால் வெட்டிவிட்டால் போகும். 70 சுவிட்சுக்கு 140 வெட்டு. பொறுமை இருந்தால் செய்யலாம்.

அழுத்தும் உணர்வில் சுவிட்ச் மூன்று வகை. லீனியர் என்றால் தங்குதடையின்றி இறங்கும். டக்டைல் என்றால் நடுவில் ஒரு சிறு முட்டு. கிளிக்கி என்றால் அந்த முட்டோடு சத்தமும். அடுக்குமாடியில் இரவு பதினொரு மணிக்குத் தட்டுபவர் கிளிக்கி வாங்க வேண்டாம். பக்கத்து அறையில் படுத்திருப்பவர் உங்களோடு பேசமாட்டார். காந்த சுவிட்சும் குட்டைச் சுவிட்சும் சாதாரண பலகைக்குப் பொருந்தாது, விலை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள்.

எண்ணிக்கையில் கஞ்சம் வேண்டாம். 68 விசைக்கு 70 வாங்குபவர், மூன்று சுவிட்சில் கால் முறிந்த உடனேயே இன்னொரு பொதிக்குக் காத்திருக்க வேண்டும். குறைந்தது பத்து மேலதிகமாக வாங்குங்கள்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஆயத்தமாகக் கட்டிய கீபோட்டுகளைத் தொட்டு, தட்டிப் பார்க்கலாம். சுவிட்ச் வகையைத் தெரிவு செய்யவாவது ஒரு நடை போய்வாருங்கள். ஒலிப்பதிவைக் கேட்டுத் தெரிவு செய்தவர்கள்தான் பிறகு விற்கத் தேடுகிறார்கள். தனிப் பாகங்களைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து ஒன்லைனில்தான் எடுப்பிக்க வேண்டியிருக்கும். பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். ஈயம், மல்டிமீட்டர், ஈயம் உறிஞ்சி போன்றவற்றுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு போதும்.

3. மேசையில் இருக்க வேண்டியவை

கூர் முனைச் சாமணம், சுவிட்ச் கழற்றி, கம்பி வகைக் கீகப் கழற்றி, மெல்லிய ஓவியப் பிறஷ், சின்ன ஸ்குரூடிரைவர், ஐசோபுரோபைல் அல்கஹோல், பழைய பருத்தித் துணி. பிளாஸ்டிக் வளையக் கழற்றி இலவசமாக வரும். அது கீகப்பின் பக்கத்தைக் கீறும், எறிந்துவிடுங்கள்.

கிறீஸ் இரண்டு வகை. சுவிட்சுக்கும் ஸ்டெபிலைசரின் பிளாஸ்டிக் பகுதிக்கும் கிறைடொக்ஸ் 205 ஜி0. ஸ்டெபிலைசரின் கம்பி முனைக்குத் தடிப்பான டைஇலெக்ட்ரிக் கிறீஸ். சமையலறை எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் கூடவே கூடாது. ஒருவர் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார். ஒரு மாதத்தில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து களி மாதிரி ஆகியிருந்தது.

தரவு கடத்தும் யூஎஸ்பி வயர் ஒன்று கட்டாயம் வேண்டும். போன் சார்ஜ் மட்டும் செய்யும் வயரைக் குத்திவிட்டு "பலகை செத்துப்போச்சு" என்று வந்தவர்கள் இதுவரை மூன்று பேர். விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது.

வேலை தொடங்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ஸ்பிறிங் பறக்கும், கிறீஸில் தூசி ஒட்டும். வியர்க்கும்தான். வியர்த்த கையோடு பலகையின் செம்புப் பகுதிகளைத் தொடாமல், ஓரத்தில் பிடிக்கப் பழகுங்கள்.

4. வேறெதையும் தொடமுன் பலகையைச் சோதியுங்கள்

பொதியைத் திறந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. சுவிட்ச் குத்திய பலகையையும் ஈயம் வைத்த பலகையையும் விற்றவர் திருப்பி எடுக்கமாட்டார். பிழை உங்களுடையதா அவருடையதா என்று அதன்பிறகு நிரூபிக்கவும் முடியாது.

பலகையைக் காய்ந்த கடதாசிமேல் வையுங்கள். அது வந்த வெள்ளி நிறப் பையின்மேல் வைக்காதீர்கள். அந்தப் பை மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

யூஎஸ்பியைக் குத்தி, விசைச் சோதனைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறங்கள். ஒவ்வொரு விசைக்கும் பலகையில் இரண்டு தொடுகைப் புள்ளிகள் இருக்கும். சாமணத்தின் இரு முனையால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் திரையில் அந்த எழுத்து ஒளிர வேண்டும். 68 விசைக்கும் செய்யுங்கள். பத்து நிமிட வேலை. ஒரு தடவை எனக்கு வந்த பலகையில் ஒரு நிரலே, அதாவது மேலிருந்து கீழாக உள்ள விசைகள் முழுதும், வேலை செய்யவில்லை. அன்றே வீடியோ எடுத்து அனுப்பியதால் வேறு பலகை கிடைத்தது.

5. ஸ்டெபிலைசர்: அவசரப்படாத இடம்

2 யூனிட்டும் அதற்கு மேலும் அகலமான விசைகள் ஓரத்தில் தட்டினாலும் சாயாமல் இறங்குவதற்குத்தான் இந்தக் கம்பி. 65 சதவீதத்தில் பெரும்பாலும் நான்கு: பேக்ஸ்பேஸ், என்டர், இடது ஷிப்ட், ஸ்பேஸ்பார். விலை கூடிய கீபோட்டும் ஸ்பேஸ்பாரைத் தட்டும்போது தகரப் பேணி மாதிரிக் கிலுகிலுத்தால், குற்றம் இங்கேதான். சுவிட்சுக்குச் செலவழிக்கும் காசில் கால்வாசியை இதற்கு மாற்றினால் பலன் கூட என்பது என் கணிப்பு.

பலகையில் திருகி இறுக்கும் வகையை வாங்குங்கள். பிளேட்டில் கொளுவும் வகை ஆடும்.

முதலில், பிரிக்கும் முன் போனில் ஒரு படம். உள்ளே இருக்கும் தண்டைத் திருப்பிப் போட்டுவிட்டு அரை மணிநேரம் யோசிக்காமல் இருக்க அது உதவும்.

அடுத்து கம்பி. சமதளக் கண்ணாடிமேல், போனின் திரைமேல் என்றாலும் சரி, கம்பியை வைத்து ஒரு முனையை விரலால் மெல்லத் தட்டுங்கள். மறுமுனை எழும்பினால் கம்பி முறுகியிருக்கிறது. கையால் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் வளைத்து, திரும்ப வைத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு கிறீஸ் பூசினாலும் ஒரு பக்கம் கிலுங்கும். கிறீஸ் சத்தத்தை மறைக்கும், கோணலை நிமிர்த்தாது.

பிறகு பிளாஸ்டிக் தண்டின் பக்கங்களுக்கு மெல்லிய பூச்சு, கம்பியின் இரு முனைகளும் நுழையும் இடத்துக்குத் தடித்த கிறீஸ் தாராளமாக. பிளாஸ்டிக்கில் கிறீஸ் அள்ளிப் பூசினால் பேக்ஸ்பேஸ் அழுத்தியபின் சோம்பேறித்தனமாக எழும்பும்.

திருகும்போது திருகாணிக்கும் பலகைக்கும் இடையில் சின்ன வளையத்தைப் போடுங்கள். உலோகம் பலகையின் கோடுகளைத் தொடாமலிருக்க. இறுகியதும் நிறுத்துங்கள்.

இப்போதே ஸ்பேஸ்பார் இடத்தில் ஒரு சுவிட்சைக் குத்தி, கீகப்பை மாட்டி இரண்டு ஓரமும் நடுவும் தட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் இன்றே திருத்துங்கள். எல்லாம் பூட்டியபின் திருத்துவதென்றால் பலகையையே வெளியே எடுக்க வேண்டும். ஈயம் வைத்த கீபோட் என்றால் 68 சுவிட்சையும் கழற்ற வேண்டும்.

6. சுவிட்சுக்குக் கிறீஸ்: விரும்பினால் மட்டும்

இப்போது வரும் பல சுவிட்சுகள் தொழிற்சாலையிலேயே கிறீஸ் பூசி வருகின்றன. முதல் கீபோட்டுக்கு இதைத் தாண்டிவிடலாம். சுவிட்சைத் திறந்து, பூசி, மூட ஒன்றுக்கு மூன்று நான்கு நிமிடம். எழுபதுக்கு ஒரு முழுப் பிற்பகல்.

செய்வதென்றால் பிறஷை நனைத்து விளிம்பில் துடைத்து, மினுக்கம் தெரிகிற அளவு மட்டும். வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் கூடிவிட்டது. டக்டைலில் உள்ளே மேலும் கீழும் அசையும் தண்டின் இரண்டு கால்களைத் தொடாதீர்கள், முட்டு மழுங்கும். கிளிக்கியைத் திறக்கவே வேண்டாம்.

7. பொருத்துதல்

பலகை கீழே, நடுவில் பிளேட், மேலிருந்து சுவிட்ச். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பிளேட்டைப் போடாமலேயே ஈயம் வைத்து முடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இதைப் படித்தால் பேசாமல் இருக்கட்டும்.

நான்கு மூலைகளிலும் முதலில் ஒவ்வொரு சுவிட்ச். பலகையும் பிளேட்டும் நேராகப் பிடித்துக்கொள்ளும். பிறகு நடுவில் இரண்டு. அதன்பின் வரிசையாக.

ஒவ்வொரு சுவிட்சையும் குத்துமுன் கால்களை வெளிச்சத்தில் பாருங்கள். செம்புக் கால் மெல்லியது. பொதியில் வரும்போதே வளைந்திருக்கும். வளைந்த காலோடு அழுத்தினால் அது பலகையில் உள்ள சொக்கெட்டுக்குள், அதாவது கால் நுழையும் பிடிப்புக்குள், போகாமல் மடிந்து சுவிட்சின் அடியில் படுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், எழுத்து மட்டும் வராது. புதியவர்களின் "செத்த விசை"களில் பெரும்பாலானவை இதுதான். கழற்றி, சாமணத்தால் நிமிர்த்தி, திரும்பக் குத்தலாம்.

குத்தும்போது பலகையின் அடியில், அந்த சொக்கெட்டுக்கு நேர் கீழே, மறுகை விரலைக் கொடுங்கள். சொக்கெட்டைப் பிடித்திருப்பது கொஞ்ச ஈயம்தான். விரல் கொடுக்காமல் மேலிருந்து பலமாக அமத்தினால் சொக்கெட் செம்புத் தகட்டோடு பெயர்ந்து வரும். அதைத் திருத்த ஈயம் வைக்கத் தெரிய வேண்டும்.

ஈயம் வைக்கும் வகை என்றால்: 350 பாகை செல்சியஸ் அளவு, காலுக்கு இரண்டு மூன்று விநாடி. மூலைகளில் ஈயம் வைத்ததும் நிறுத்தி, சுவிட்சுகள் பிளேட்டில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே மேசைக்கு ஒரு பழைய விரிப்பு இருக்கிறது.

கேஸில் வைத்துத் திருகுமுன் திரும்ப ஒரு தடவை எல்லா விசையையும் சோதியுங்கள். பிறகுதான் கீகப்.

8. லேயர்களை அமைப்பது

கியூஎம்கே என்ற பேர்ம்வெயர், அதாவது கீபோட்டை இயக்கும் உள் மென்பொருள், பல பலகைகளுக்குள் ஓடுகிறது. அதை நிரல் எழுதாமல் மாற்ற வியா, வயல் என்று இரண்டு செயலிகள் உண்டு. வயல் என்றதும் நெல்லை நினைக்க வேண்டாம், அதன் பெயரே அப்படி. விசையைத் திரையில் சொடுக்கி வேறொன்றைத் தெரிவு செய்தால் உடனே மாறும். மாற்றம் கீபோட்டுக்குள்ளேயே பதிவாகும். ஒபிஸ் கணினியில் குத்தினாலும் அப்படியே வேலை செய்யும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கீபோட்டுக்குத் தமிழ் தெரியாது. எந்த விசை அழுத்தப்பட்டது என்று மட்டும் அது சொல்லும். அதைத் தமிழாக்குவது கணினி. ஆகவே ஆங்கில வேகத்துக்காகப் பேர்ம்வெயரில் கோல்மேக், டிவோராக் என்று எழுத்துகளை இடம் மாற்றினால் தமிழ்99-உம் பாமினியும் சேர்ந்தே கலைந்துவிடும். ஒரு மாணவி இரண்டு நாள் தமிழ் மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தார். குற்றம் கீபோட்டில் இருந்தது. அப்படி மாற்ற வேண்டுமென்றால் கணினியின் ஆங்கில அமைப்பில் மாற்றுங்கள். இல்லையேல் தமிழுக்கு மாற்றாத லேயர் ஒன்றை வைத்திருங்கள்.

எப்என் விசையை எங்கே வைப்பது? கட்டைவிரலுக்குப் பக்கத்தில், ஸ்பேஸ்பாரின் வலப்புறம். அம்புக்குறி இல்லாத கீபோட்டில், எப்என் அழுத்தினால் ஐ, ஜே, கே, எல் நான்கும் அம்புகளாகும்படி அமையுங்கள். விரல் இடம்விட்டுப் போகத் தேவையில்லை. மொழி மாற்றத்துக்கு விண்டோஸில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். அதை ஒரே விசையாக்கி கேப்ஸ்லொக் இடத்தில் வைத்திருக்கிறேன். நாளுக்கு நூறு தடவை தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தாவுபவருக்கு இந்த ஒன்றுக்காகவே கீபோட் கட்டலாம்.

தட்டினால் எழுத்து, பிடித்தால் ஷிப்ட் என்று ஒரே விசைக்கு இரு வேலை கொடுக்கும் வசதியை எழுத்து விசைகளில் உடனே போடாதீர்கள். பிடித்ததா தட்டியதா என்று தீர்மானிக்க கியூஎம்கே வழமையாக 200 மில்லிவிநாடி எடுக்கும். பாமினியில் கு, து எல்லாம் ஷிப்ட்டோடுதான் வரும். ஷிப்ட் இல்லாமல் ஒரு வரிகூட நகராது. வேகமாகத் தட்டும் கை அந்த 200-க்குக் காத்திருக்காது, க்கு என்று முடிய வேண்டிய சொல்லெல்லாம் வேறெதிலோ முடியும்.

அமைப்பை முடித்ததும் கோப்பாகச் சேமித்து உங்களுக்கே மின்னஞ்சல் செய்துவிடுங்கள். பேர்ம்வெயரைப் புதுப்பித்தால் எல்லாம் அழியலாம்.

9. பழுது வந்தால் பார்க்கும் வரிசை

ஒன்றுமே வேலை செய்யவில்லை: வயரை மாற்றுங்கள், பிறகு கணினியின் வேறு துளை. பலகையைச் சந்தேகிப்பது மூன்றாவது.

ஒரு விசை மட்டும் இல்லை: சுவிட்சைக் கழற்றிக் காலைப் பாருங்கள்.

ஒரு தடவை தட்டினால் இரண்டு எழுத்து: அந்தச் சுவிட்சையும் பக்கத்துச் சுவிட்சையும் இடம் மாற்றுங்கள். பழுதும் கூடவே போனால் சுவிட்ச் கெட்டது. அதே இடத்தில் நின்றால் சொக்கெட்.

ஒரு வரிசையோ நிரலோ முழுதாக இல்லை: பலகைக் கோடு அறுந்திருக்கலாம், அல்லது கட்டுப்பாட்டுச் சில்லில் பிரச்சினை. மல்டிமீட்டர் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

தேத்தண்ணீர் ஊற்றுப்பட்டால் முதலில் வயரைப் பிடுங்குங்கள், துடைப்பது பிறகு. கவிழ்த்து வைத்து, கீகப்பையும் சுவிட்சையும் கழற்றி, பலகையை ஐசோபுரோபைல் அல்கஹோலால் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். சீனி போட்ட பால் தேத்தண்ணீர் என்றால் ஒரு நாள் பிந்தினாலும் எறும்பு உங்களுக்கு முன் கீபோட்டுக்குள் போய்விடும்.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் ஜன்னலோரத்தில் கீபோட்டைத் திறந்து வைக்காதீர்கள். உப்புக் காற்றில் பித்தளை பிளேட் கறுக்கும், ஸ்டெபிலைசர் கம்பி துருப்பிடிக்கும். இரவில் துணியொன்றால் மூடுங்கள். மேலதிகமாக வாங்கிய பத்துச் சுவிட்சையும் வெறும் பொலித்தீன் பையில் போடாமல், அரிசிப் பேணி மாதிரி இறுக்கி மூடும் பேணியில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சிப் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள்.